கிரேடியைத் தவிர யார் வேண்டுமானாலும்

பெற்ற மகனைத் திட்டும் பனியனை மேசை போட்டு விற்ற தாய் வட கரோலினாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கறுப்புப் பனியன். நெஞ்சில் வெள்ளை எழுத்தில் 'கிரேடியைத் தவிர யார் வேண்டுமானாலும்' என்று போட்டிருக்கும். பக்கத்திலேயே 'கிரேடிதான் எங்கள் ராஜா' என்று நீலப் பனியனும் அடுக்கி வைத்திருந்தேன். அதை என் தங்கை ஒன்று வாங்கினாள், அதுவும் கடனுக்கு. கறுப்பு, பெட்டியைப் பிரிப்பதற்குள் தீர்ந்துவிடும். எங்கள் சபைப் பாதிரியாரே வரிசையில் நின்று ஒன்று வாங்கினார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நெளிந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க நெல்டா. எனக்கில்ல, என் வீட்டுக்காரிக்கு" என்றார்.

இருப்பதிலேயே பெரிய அளவைக் கேட்டு வாங்கினார். அவர் வீட்டுக்காரி அதற்குள் இரண்டு முறை புகுந்து வரலாம். நான் காசை எண்ணி வாங்கிக்கொண்டேன். பனியன் விற்ற காசுதான் டயராக மாறியது. என் மகனை வெறுத்தவர்கள்தான் அவன் காரை ஓட வைத்தார்கள். அந்த வகையில் ஊருக்கு நான் நன்றி சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆரம்பத்தில் அவனை யாரும் வெறுக்கவில்லை. அதுதான் சிக்கலே. பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே ஆட்டர் க்ரீக் திடலில் ஓட்ட வந்துவிட்டான். மலையடிவாரத்தில் அரை மைல்கூட வராத ஒரு வட்டம். ஓடுகிற கார்கள் பார்க்க வீட்டுக் கார் மாதிரிதான் இருக்கும். உள்ளே எஞ்சினும் இரும்புக் கூண்டும் ஓர் இருக்கையும் தவிர ஒன்றும் கிடையாது. இடது பக்கம் மட்டும் திருப்பத் தெரிந்தால் போதும் என்று கிண்டலடிக்கிற மேதாவிகள் உண்டு. ஒரு மந்தைக் கார்கள் ஒரே நேரத்தில் இடது பக்கம் திரும்பும்போது நடுவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

என் வீட்டுக்காரர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறார். சனிக்கிழமை மாலைகளில் அவர் எப்போதும் வேறு ஏதாவது மாநிலத்தில் இருப்பார். அதனால் திடலில் பார்வையாளர் மாடத்தின் கூரை மேல் நின்று ரேடியோவில் வழி சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. காருக்குள் கட்டுண்டு கிடப்பவனுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. "உள்பக்கம் ஒருத்தன் இருக்கான்... இன்னும் இருக்கான்... இப்ப போ" என்று மேலே இருந்து ஒருவர் சொல்ல வேண்டும். அம்மா சொன்ன நொடியில் சொன்னதைச் செய்கிற பையனை இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் பெற்றிருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றும் வரைக்கும்தான் என்பது வேறு விஷயம்.

கிரேடி நன்றாக ஓட்டினான். யாரையும் உரசாமல், யாரையும் முறைக்காமல் முந்தி ஜெயித்துவிட்டு, தோற்றவனிடம் போய் "நல்லா ஓட்டினீங்க சார்" என்பான். அவன் முன்னணிக்கு வந்துவிட்டால் ஜனங்கள் எழுந்து கழிப்பறைக்குப் போய்விடுவார்கள். திடலின் சொந்தக்காரன் டெல்மர் ஒருநாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"உன் பையன் ஜெயிக்கிற அன்னைக்கெல்லாம் எனக்கு வேகவச்ச கடலை மட்டும்தான் விக்குது, நெல்டா. பீர் போகல."

"ஏன், நல்லாத்தானே ஓட்டுறான்?"

"அதைத்தான் சொல்றேன்."

இதற்கு நடுவில்தான் ராய்ஸ் லிங்கர் விவகாரம் வந்தது. ராய்ஸ் ஊரில் டயர் கடை வைத்திருக்கிறார். பள்ளியில் எனக்கு மேல் வகுப்பு. பச்சைக் கார், நரைத்த மீசை, எப்போதும் ஒரே தொப்பி. முப்பது வருடமாக ஆட்டர் க்ரீக்கில் ஓட்டுகிறார். எங்கள் ஊர்க் குழந்தைகள் அம்மா என்று சொல்வதற்கு முன்பே ராய்ஸ் என்று சொல்லும். அப்படிப்பட்ட மனிதரின் காரை, ஒரு சனிக்கிழமை, கடைசிக்கு முந்தின சுற்றில், கிரேடி சுவரில் ஏற்றிவிட்டான்.

வேண்டுமென்று செய்யவில்லை. பின்னால் வந்தவன் கிரேடியை இடித்தான். கிரேடி போய் ராய்ஸை இடித்தான். முதல் இடி நான் ஒருத்தி பார்த்தது. இரண்டாவது இடி ஊரே பார்த்தது. பீர் டப்பாக்கள் மழையாக விழுந்தன. கோஸும் மிளகாய்க் கறியும் வைத்த ஹாட் டாக் ஒன்று கூரை வரைக்கும் பறந்து வந்து என் தோளில் உட்கார்ந்தது. அவ்வளவு தூரம் எறிகிற கை எங்கள் ஊரில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கீழே இறங்கியபோது டெல்மர் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தான்.

"நெல்டா! அடுத்த வாரத்துக்கு இப்பவே டிக்கெட் கேக்குறாங்க! எல்லாரும் உன் பையன் செவுத்துல மோதுறதைப் பாக்கணுமாம்!"

"அடப்பாவி, அவன் வண்டிக்குள்ள உக்காந்து அழுதுட்டு இருக்கான்."

"அழட்டும், நல்லா அழட்டும். யாரும் பாக்காம அழச் சொல்லு."

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பந்தயத்தில் ஒருவனை இடித்துத் தள்ளிவிட்டால், திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் அவனை ஃபோனில் கூப்பிட வேண்டும். மன்னிப்புக் கேட்டுக் காலில் விழ வேண்டியதில்லை. "ராய்ஸா? நான்தான்" என்றால்கூடப் போதும். அவன் கெட்ட வார்த்தையில் நாலு திட்டு திட்டுவான், கேட்டுக்கொண்டு வைத்துவிடலாம். கணக்குத் தீர்ந்தது. கூப்பிடவில்லை என்றால் அது பகை. அடுத்த வாரம் உன் கார் சுவரில் இருக்கும். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டம் போடுகிறவன்கூடத் திங்கட்கிழமை ஃபோனுக்கு மட்டம் போடமாட்டான்.

டெல்மருக்கும் அந்த வழக்கம் தெரியும். அதனால்தான் திங்கட்கிழமை காலையில், நான் பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோதே, வாசலில் வந்து நின்று கிரேடியை வெளியே அழைத்தான்.

"தம்பி, ராய்ஸைக் கூப்பிட்டியா?"

"இன்னும் இல்ல சார். இப்பத்தான் கூப்பிடப் போறேன்."

"கூப்பிடாத. கூப்பிட்டா என் திடல்ல உனக்கு இடம் கிடையாது. நீங்க ரெண்டு பேரும் சமாதானமாயிட்டா நான் என்ன, கடலை வித்தா பொழைக்கிறது?"

கிரேடி தலையை ஆட்டினான். டெல்மரின் வண்டி முக்குத் திரும்பியதும் ஃபோனை எடுத்துக்கொண்டு கொட்டகையில் இறைச்சி வைக்கும் குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் போய்க் குந்தினான். நான் துணி காயப்போடுகிற சாக்கில் பக்கத்தில் நின்றேன்.

"ராய்ஸ் சார், நான் கிரேடி... ஆமா சார்... ஆமா சார், அதுவும் சரிதான் சார்... இல்ல, எங்கம்மாவை விட்டுருங்க சார்..."

அதற்குப் பிறகு ராய்ஸ் திட்டி ஓய்ந்திருக்க வேண்டும். பையன் மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து திங்கள்தோறும் அந்தப் பேச்சு நடந்தது. இடித்தாலும் கூப்பிட்டான், இடிக்காவிட்டாலும் கூப்பிட்டான். ராய்ஸின் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தது, ராய்ஸின் முழங்கால் வலி, ஏரியில் எந்தப் பக்கம் மீன் கடிக்கிறது, எல்லாம் எனக்கு இறைச்சிப் பெட்டி வழியாகத் தெரியும். சனிக்கிழமை வந்தால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து எச்சில் துப்புவார்கள். துப்புவதற்கு முன்னால் ராய்ஸ் கண்ணடிப்பாராம்.

பகை நன்றாக விலை போனது. பக்கத்து மாவட்டத் திடல்கள் இருவரையும் ஜோடியாகக் கூப்பிட்டன. பிறகு தெற்கே, பிறகு வர்ஜீனியாவில். சின்ன வகுப்பிலிருந்து பெரிய வகுப்பு, அதிலிருந்து மாகாணங்கள் சேர்ந்து நடத்தும் தொடர் என்று கிரேடி ஏறினான். முன்பு ஒரு வருடம் முழுக்க ஜெயித்துப் பெறாத பெயரை, ஒரு மாலை வாங்கிய வசவில் பெற்றுவிட்டான். கோழித் தீவனக் கம்பெனி ஒன்று காரின் முன்பக்கம் முழுவதும் தன் பெயரை எழுத முன்வந்தது. கடையில் பால் வாங்கப் போனால் கல்லாவில் இருக்கும் பெண் மீதியைக் கையில் தராமல் மேசையில் வீசினாள். என் மகன் பெரிய ஆளாகிறான் என்று புரிந்துகொண்டேன்.

சார்லட் நகரத்திலிருந்து பிரெஸ்டன் வந்தது அந்த இலையுதிர் காலத்தில்தான். தொலைக்காட்சியில் வருகிற பிக்கப் வண்டிப் பந்தயத்தில் ஓடும் பெரிய அணி ஒன்றுக்கு ஆள் பிடிக்கிறவன். அந்த அணியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் அதற்கு மேல் இரண்டே படிதான். பந்தயக் கொட்டகைகளுக்கு நடுவில் நாளெல்லாம் சுற்றினாலும் அவன் வெள்ளைச் செருப்பில் ஒரு பொட்டு எண்ணெய் ஒட்டாது.

"மேடம், வேகமா ஓட்டுற பசங்க எனக்குத் தெருவுக்குத் தெரு இருக்காங்க" என்றான். "இவ்வளவு திட்டு வாங்குற பையன் கிடைக்கிறதுதான் கஷ்டம். இது கடவுள் கொடுத்த வரம்."

"அவன் நல்ல பையன்ங்க."

"அதை வெளிய சொல்லிராதீங்க மேடம்."

பிரெஸ்டன் வாரம் இருமுறை வந்து பாடம் நடத்தினான். சிரிக்கக் கூடாது. 'சார்' கூடாது. கேள்வி கேட்டால் பதில் சொல்லும் முன் கறுப்புக் கண்ணாடியைப் போட வேண்டும். ஜெயித்தால் முதலில் கோழித் தீவனத்துக்கு நன்றி, அதன் பிறகு கடவுளுக்கு. கிரேடி இந்த வரிசையை மாற்றிச் சொல்லிச் சொல்லி இரண்டு முறை குட்டு வாங்கினான். காலியாக இருந்தது ஒரே இருக்கை. புளோரிடாக்காரன் ஒருவனும் போட்டியில் இருந்தான். நடுவரை நீச்சல் குளத்தில் தள்ளியவன் என்று அவனுக்கு ஏற்கெனவே நல்ல பெயர். தொடரின் கடைசிப் பந்தயம் எங்கள் ஆட்டர் க்ரீக்கில்தான் நடந்தது. அணி முதலாளியையே அழைத்து வருவதாக பிரெஸ்டன் சொன்னான்.

"ஜெயிச்சா மட்டும் போதாது தம்பி. ஜனங்க எழுந்து நின்னு கத்தணும். ராய்ஸ் முன்னால இருந்தா, எப்படி முந்தணும்னு நான் சொல்லித் தர வேண்டியதில்ல."

பந்தயத்துக்கு முந்தின நாள் கிரேடி சமையலறை வாசலில் சாய்ந்து நின்றான்.

"அம்மா, ராய்ஸ் சாரை இடிக்க மாட்டேன். முதல் தடவை என் கையில இல்ல. இது என் கையில இருக்கு."

"சீட்டு போயிரும்டா."

"போனா போகுது. புளோரிடாக்காரன் எடுத்துக்கட்டும். ராய்ஸ் சார்கிட்டயும் திங்கக்கிழமையே சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சாரு."

அந்த நிமிடம் நான் பூரித்துப்போனேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஊர் முழுக்கச் சேர்ந்து கெடுக்கப் பார்த்தும் என் பிள்ளை கெடவில்லை. இரண்டாம் தடவை பன்றி இறைச்சி போட்டுக் கொடுத்தேன்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். நிற்க இடமில்லை. கறுப்புப் பனியன்கள் கூட்டத்தில் காக்கைக் கூட்டமாகத் தெரிந்தன. கூரைக்கு நேர் கீழே, கண்ணாடி போட்ட அறையில், பிரெஸ்டனும் முதலாளியும். கடைசிச் சில சுற்றுகளில் பச்சைக் கார் முதலில், கிரேடி அதன் பின்னால். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. இடிக்கப் போகிறான், இடிக்கப் போகிறான் என்று வாயைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

கடைசிச் சுற்று. கிரேடியின் காரில் வேகம் மிச்சம் இருந்தது.

"வெளிப்பக்கம் போ. இடம் இருக்கு" என்றேன்.

"போறேன்மா."

வெளிப்பக்கமாக எடுத்தான். அவ்வளவு அழகாக ஒரு கார் விலகிப் போய் நான் பார்த்ததில்லை. இரண்டு கார்களுக்கும் நடுவில் ஒரு நாய் நடந்து போகிற அளவு இடைவெளி. அப்போது பச்சைக் காரின் முன்சக்கரங்கள் உள்பக்கம் வெடுக்கென்று திரும்பின. கார் பம்பரமாகச் சுழன்று, புகையைக் கக்கிக்கொண்டு, புல்லில் போய் நின்றது. கிரேடி முடிவுக் கோட்டைத் தாண்டினான்.

யாரும் யாரையும் தொடவில்லை. மேலே இருந்து எனக்குத் தெரிந்தது. உள்ளே இருந்த அவனுக்கும் தெரியும். ஆனால் காத்திருந்தவர்களுக்கு எதைப் பார்க்க வந்தார்களோ அதுதான் தெரிந்தது. அப்படி ஒரு கத்தலை நான் கேட்டதில்லை. கூரை அதிர்ந்தது. பாதிரியார் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினார், வீட்டுக்காரியின் பனியனோடு. கீழே கண்ணாடி அறையில் முதலாளி பிரெஸ்டனின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்.

டெல்மர் மைக்கோடு ஓடினான்.

"கிரேடி, ஊரே கேக்குது! ராய்ஸை இடிச்சியா, இல்லையா?"

கிரேடி கூரையை நிமிர்ந்து பார்த்தான். நான் ரேடியோவை அழுத்தினேன். உண்மையைச் சொல்லுடா, சுத்தமா ஜெயிச்சிருக்கே, சொல்லுடா என்றேன். ஹெல்மெட் அவன் கையில் இருந்தது. காதில் ஒன்றும் விழுந்திருக்காது. கறுப்புக் கண்ணாடியை எடுத்து நிதானமாகப் போட்டுக்கொண்டான்.

"வழியில நின்னா இடிபடத்தான் செய்யும்" என்றான். "எங்க கோழித் தீவனத்துக்கு நன்றி. அப்புறம் கடவுளுக்கு."

இந்த முறை வரிசை பிசகவில்லை. செய்யாத குற்றத்தை நான் செய்யவில்லை என்று கதறுகிறவர்களைத்தான் உலகம் பார்த்திருக்கிறது. செய்யாத குற்றத்தை நான்தான் செய்தேன் என்று உரிமை கொண்டாடியவன் என் வயிற்றில் பிறந்தவன். அன்று மாலையே சார்லட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். புளோரிடாக்காரன் வேறு நடுவரைத் தேடிப் போயிருப்பான்.

திங்கட்கிழமை காலை மனது கேட்காமல் ராய்ஸின் டயர் கடைக்குப் போனேன். முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு டயரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். ஃபோன் பக்கத்து மேசையில், கண்ணில் படுகிற மாதிரி இருந்தது.

"நீயாத்தான் சுத்துன, ராய்ஸ். நான் பாத்தேன்" என்றேன்.

"கத்தாத, கடைக்கு ஆள் வர்ற நேரம்."

"ஏன் அப்படிப் பண்ணுன?"

"எப்படியும் அவன் என்னை முந்திருப்பான். சுத்தமா முந்திப் போயிருந்தா அந்தச் செருப்புக்காரன் திரும்பிப் பாத்திருப்பானா? சின்ன வயசுல என்னையும் ஒருத்தன் பாக்க வந்தான், நெல்டா. வெளிப்பக்கமா, ஒரு கீறல் இல்லாம, மூணு பேரை முந்துனேன். அவன் அப்ப ஹாட் டாக் வாங்க வரிசையில நின்னுட்டு இருந்தான்." டயரைத் தட்டினார். "உன் பையன் இடிக்க மாட்டேன்னு எனக்கு ஃபோன்ல சத்தியம் பண்ணுனான். இருவது வயசு ஆகல, சீட்டை விட்டுக்குடுக்குறேங்கிறான். அப்படிப்பட்டவன் இங்கயே கிடந்து டயர் மாத்தணுமா?"

 பக்கத்தில் கிடந்த ஒரு டயர் மேல் உட்கார்ந்தேன்.

"கூப்பிட்டானா?" என்று கேட்டேன்.

"கூப்பிடுவான். மத்தியானம் ஆகலையே."

மத்தியானம் நெருங்கியது. ஃபோன் ஒரு முறை அடித்தது. யாரோ பழைய டயர் இருக்கிறதா என்று கேட்டார்கள். ராய்ஸ் ஒவ்வொரு வண்டியை முடித்ததும் மேசையைப் பார்த்தார். நான் பொறுக்க முடியாமல் வெளியே வந்து கிரேடியைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தான்.

"அம்மா! எனக்குத் தனியா ஒரு அறையே குடுத்துருக்காங்கம்மா!"

"ராய்ஸைக் கூப்பிட்டியா?"



"எதுக்கும்மா? இடிச்சவன்தானே கூப்பிடணும்? நான் அவரைத் தொடவே இல்லையே. நீதான் பாத்தியே."

"அப்ப மைக்குல சொன்னது?"

"அது மைக்கும்மா."

"பிரெஸ்டன் கூப்பிடக் கூடாதுன்னானா?"

"அவர் ஒண்ணும் சொல்லல. இங்க போட்டோ எடுக்கக் கூப்பிடுறாங்க, அப்புறம் பேசுறேன்."

திடலை விட்டே துரத்துவேன் என்று டெல்மர் மிரட்டியபோது, இறைச்சிப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்து கூப்பிட்டவன் அவன். இன்றைக்கு ஒருவரும் தடுக்கவில்லை. உள்ளே போய் ராய்ஸிடம், அவன் ஃபோன் அணைந்து கிடக்கிறது என்று பொய் சொன்னேன். மகனைக் காப்பாற்றவா, ராய்ஸைக் காப்பாற்றவா என்று எனக்கே தெரியவில்லை.

"புது இடம், அலைச்சல் இருக்கும்" என்றார் ராய்ஸ். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கையைத் துணியில் துடைத்தார். "மத்தியானம் தாண்டிரக் கூடாது நெல்டா, அது பகைன்னு ஆயிரும். யாராவது ஒருத்தர் கூப்பிட்டுத்தானே ஆகணும்."

அவரே ஃபோனை எடுத்து எண்களை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் செய்தி சொல்லச் சொல்லும் சத்தம் கேட்டது. ராய்ஸ் தொப்பியைக் கழற்றினார்.

"கிரேடி, நான்தான் ராய்ஸ். நேத்து உன் வழியில வந்து சுத்திட்டேன். மனசுல வச்சுக்காத தம்பி. ஏரியில வடக்குப் பக்கம் நல்லாக் கடிக்குது, ஊருக்கு வந்தா சொல்லு."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சரியாத்தானே பேசுனேன்?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்திருந்தால், ஊரே என் மகனைப் பார்த்துக் கத்திய கத்தல் என் வாயிலிருந்தும் வந்திருக்கும்.